டயரின் அகலமும் ரிம்மின் அகலமும்: திருகோணமலை வாகன உரிமையாளர்களின் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்கட்கு,

வணக்கம். 2020ஆம் ஆண்டு நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்ட பின்னர், யப்பானில் ஓடிய கார்கள் திருகோணமலை வீதிகளில் மறுபடியும் புதிதாகத் தென்படத் தொடங்கியுள்ளன. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் தம் பழைய காரையே பேணி வைத்திருந்தவர்களும், புதியது வாங்க முடியாத விலையைக் கண்டு, இருப்பதையே அழகுபடுத்தி ஓடுவோம் என்ற முடிவுக்கு வந்திருக்கிறார்கள். இவ்விரு சாராரும் முதலில் கைவைப்பது சில்லுகளில்தான். அநுராதபுரச் சந்தியிலிருந்து உப்புவெளிப் பக்கம் ஒரு மாலைநேரம் போய் வந்தால், மட்காட்டுக்கு வெளியே டயர் துருத்திக்கொண்டு நிற்கும் சிறிய கார்கள் பலவற்றைக் காணலாம். "அகலமான டயர் போட்டால் கார் றோட்டைக் கவ்விப் பிடிக்கும்" என்ற நம்பிக்கையே இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. டயர் விற்பவர்களுள் சிலரும் அதையே சொல்கிறார்கள்.

மோட்டார் வாகனத் தொழினுட்பம் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இந்த நம்பிக்கையைப் பற்றிச் சிறிது விரிவாக எழுத விரும்புகிறேன். அகலத்தால் பயனே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. டயரின் அகலம், ரிம்மின் அகலம், ரிம் ஹப்பில் (சில்லு பூட்டப்படும் மையப் பாகத்தில்) உட்காரும் ஆழம், தாங்கும் பாரம், காற்றின் அழுத்தம் ஆகிய ஐந்தும் ஒன்றாகத் தீர்மானிக்கப்பட வேண்டியவை. அவற்றுள் அகலத்தை மட்டும் தனியே பிடித்து இழுத்தால் காரின் ஓட்டத்திறன் கூடுவதற்குப் பதிலாகக் குறையும் என்பதே என் கருத்து.

முதலில் டயரின் பக்கவாட்டில் எழுதப்பட்டிருப்பதைப் பார்ப்போம். எமது மாவட்டத்தில் அதிகம் ஓடும் டொயோட்டா அக்குவா காரை எடுத்துக்கொண்டால், அதன் 15 அங்குல டயரில் 175/65ஆர்15 84எஸ் என்று இருக்கும். 175 என்பது டயரின் அகலம், மில்லிமீற்றரில். 65 என்பது பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பதைக் குறிக்கும். ஆகவே சுவர் ஏறத்தாழ 114 மில்லிமீற்றர் உயரம். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 84 என்ற பாரச் சுட்டெண் ஒரு டயர் 500 கிலோகிராம் வரை தாங்கும் என்பதையும், எஸ் என்பது மணிக்கு 180 கிலோமீற்றர் வரை ஓடத்தக்கது என்பதையும் காட்டும். கடையில் பலர் முதல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டுக் கடைசி எண்ணைக் கேட்பதே இல்லை. இதைப் பற்றிப் பின்னர் எழுதுகிறேன்.

இனி, அகலமான டயர் அதிக நிலத்தைத் தொடும் என்ற எண்ணத்துக்கு வருவோம். காரின் பாரத்தைப் பெருமளவு தாங்குவது டயருக்குள் இருக்கும் காற்றுத்தான், ரப்பர் அல்ல. ஆகவே டயர் நிலத்தைத் தொடும் பரப்பு, சில்லின் மேல் உள்ள பாரத்தைக் காற்றின் அழுத்தத்தால் வகுத்தால் வரும் அளவுக்கு அண்மையில் இருக்கும். அக்குவாவின் எடை ஏறத்தாழ 1,080 கிலோகிராம். நால்வர் ஏறினால் ஒரு சில்லின் மேல் சராசரியாக 330 கிலோகிராம் வரும். காற்று 33 பிஎஸ்ஐ என்றால் அது ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 2.3 கிலோகிராம். வகுத்துப் பார்த்தால் தொடும் பரப்பு ஏறத்தாழ 140 சதுர சென்ரிமீற்றர், அதாவது ஒரு பெரிய மனிதனின் கையளவு. பக்கச் சுவரின் விறைப்பினால் இந்தக் கணக்கு சற்று மாறும் என்பது உண்மை. ஆனால் 175 டயரைக் கழற்றி 205 டயரைப் போட்டு அதே 33 பிஎஸ்ஐ காற்றை அடித்தால், தொடும் பரப்பு அகலத்தின் விகிதத்தில் கூடிவிடாது. அதன் வடிவந்தான் மாறும்: முன்பு நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருந்தது, இப்போது அகலமாகவும் கட்டையாகவும் ஆகும்.

அப்படியானால் பந்தயக் கார்கள் ஏன் அவ்வளவு அகலமான டயர்களில் ஓடுகின்றன என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வளைவில் திரும்பும்போது, அகன்று கட்டையாக இருக்கும் தொடுபரப்பு குறைவாகவே முறுகும்; ஸ்டியரிங் திருப்பியவுடன் கார் திரும்பும்; பக்கச் சுவர் உயரம் குறைந்திருந்தால் அந்த உடனடித்தன்மை இன்னும் கூடும். ரப்பரின் உராய்வு, பாடப்புத்தகத்தில் படித்த திண்மப் பொருள்களின் உராய்வுபோல நடந்துகொள்வதில்லை. அழுத்தம் பரவலாகும்போது அதன் பிடிப்புச் சற்றுக் கூடும். தொடர்ந்து கடுமையாக ஓட்டும்போது எழும் வெப்பத்தையும் அகன்ற டயர் நன்கு தாங்கும். இவற்றுக்காகவே போர்மியூலா வன் பந்தயத்தில் 2017ஆம் ஆண்டு முன் டயர் 245 மில்லிமீற்றரிலிருந்து 305 ஆகவும், பின் டயர் 325இலிருந்து 405 ஆகவும் அகட்டப்பட்டன. ஆனால் அதே பந்தயத்தில் 2026ஆம் ஆண்டுக்கான விதிகளில் முன் டயர் 25 மில்லிமீற்றரும் பின் டயர் 30 மில்லிமீற்றரும் ஒடுக்கப்பட்டுள்ளன. காற்றுத் தடையும் எடையும் குறைய வேண்டும் என்பதே அதன் நோக்கம். பந்தயக்காரனே அகலத்துக்கு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்றால், கந்தளாய்க்கும் கிண்ணியாவுக்கும் வேலைக்குப் போய் வருபவர் அந்த விலையைக் கணக்கில் எடுக்காமல் இருக்க முடியாது.

எதிர்த்திசையில் போன உதாரணமும் உண்டு. பிஎம்டபிள்யூ நிறுவனம் ஐ3 என்ற மின்சாரக் காரை வெளியிட்டபோது அதற்கு 155/70ஆர்19 என்ற டயரைப் பொருத்தியது. எமது ஊர்களில் ஓடும் சிறிய வெகன் ஆர் காரின் டயரும் 155 மில்லிமீற்றர் அகலந்தான். ஆனால் ஐ3 இன் டயர் ஏறத்தாழ 70 சென்ரிமீற்றர் விட்டம் கொண்டது. ஒடுக்கமும் உயரமுமான டயரின் தொடுபரப்பு நீளமாக அமையும். காற்றுத் தடையும் உருளும்போது ஏற்படும் தடையும் குறையும். அந்தக் கார் சோம்பேறித்தனமாக ஓடிய கார் அல்ல.

டொயோட்டா நிறுவனமே அக்குவாவுக்கு அகன்ற டயரை ஒரு தெரிவாகக் கொடுத்தது. 195/50ஆர்16 என்ற அந்த டயர் 6 அங்குல அகல ரிம்மில் வந்தது; சாதாரண 175/65ஆர்15 டயருக்கு 5 அங்குல அகல ரிம். இரண்டின் வெளி விட்டங்களையும் கணக்கிட்டால் முதலாவது 601 மில்லிமீற்றர், இரண்டாவது 608 மில்லிமீற்றர். வேறுபாடு ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் மட்டுமே. பாரச் சுட்டெண்ணும் மாறவில்லை. இதுதான் முறையான மாற்றம்: அகலம் கூடும்போது சுவரின் உயரம் குறைந்து, ரிம்மும் அகன்று, விட்டம் அப்படியே நிற்கிறது. இத்தனை கவனமாகச் செய்தும் நிறுவனம் ஒன்றை இழக்க நேர்ந்தது. 4.8 மீற்றராக இருந்த காரின் மிகக் குறைந்த திரும்பு ஆரை 16 அங்குலச் சில்லுடன் 5.7 மீற்றராகக் கூடியது. அகன்ற சில்லு உள்ளே உரசாமல் இருக்க ஸ்டியரிங்கின் திருப்பத்தையே மட்டுப்படுத்த வேண்டியிருந்தது. திருகோணமலை நகரின் உள்வீதிகளில், மத்திய வீதியையும் என்.சி. வீதியையும் சுற்றிய ஒடுங்கிய பாதைகளில், இந்தத் தொண்ணூறு சென்ரிமீற்றர் ஒரே வெட்டில் திரும்புவதா, பின்னால் எடுத்து மறுபடி திருப்புவதா என்பதைத் தீர்மானிக்கும். நிறுவனம் ஸ்டியரிங்கை மட்டுப்படுத்தியது. கடையில் போடும் அகன்ற ரிம்முக்கு அதை யாரும் செய்வதில்லை. ஆகவே முழுதாகத் திருப்பும்போது டயர் உள்மட்காட்டிலோ சஸ்பென்சன் பாகங்களிலோ உரசுகிறது. உரசல் சத்தம் கேட்காத வரையில் எவரும் பார்ப்பதில்லை.

அடுத்தது ரிம்மின் அகலம். நான் பார்த்தவரையில் மிக அதிகமாகப் பிழை நேர்வது இங்குதான். ஒவ்வொரு டயருக்கும் எந்த அகலத்திலிருந்து எந்த அகலம் வரையுள்ள ரிம் பொருந்தும் என்று தயாரிப்பாளர்களின் அட்டவணைகளில் வரையறை உண்டு. 175/65 டயருக்கு 5 முதல் 6 அங்குலம் வரை. 185/60 டயருக்கு 5 முதல் 6.5 வரை, 195/60 டயருக்கு 5.5 முதல் 7 வரை. 205/55 டயருக்கு 5.5 முதல் 7.5 வரை, 215/45 டயருக்கு 7 முதல் 8 வரை. அக்குவாவின் 5 அங்குல ரிம்மில் 195/60 டயரை ஏற்றினால் அது வரையறைக்கு வெளியே போய்விடுகிறது என்பதை இதிலிருந்தே காணலாம். கடையில் ஏற்ற முடியாது என்றில்லை. ஏறும், காற்றும் நிற்கும். ஆனால் சிறிய செருப்பில் பெரிய பாதத்தை நுழைத்தவர் நடப்பதுபோல, டயரின் சுவர் ரிம்முக்கு வெளியே பிதுங்கி நிற்கும். வளைவில் ரிம் ஒரு பக்கம் போகும், நிலத்தைத் தொடும் பகுதி சற்றுப் பிந்தி வரும். ஓட்டத்தில் மிதப்பதுபோன்ற ஓர் உணர்வு உண்டாகும். நிலத்தைத் தொடும் பட்டையின் நடுப்பகுதி சீக்கிரம் தேயும். பிடிப்புக்காக அகலத்தை வாங்கியவர் பிடிப்பின் கூர்மையையே இழந்துவிடுகிறார். அரை அங்குலம் அகன்ற ரிம்மில் ஏற்றும்போது அதே டயரின் அகலம் ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் கூடும் என்பதும், ஒடுங்கியதில் ஏற்றினால் அவ்வளவு குறையும் என்பதும் கவனிக்க வேண்டியவை. 195 என்று அச்சிட்ட டயர் ஒடுங்கிய ரிம்மில் 195 ஆக இருக்காது.

இதற்கு நேர் எதிரான பழக்கமும் இளைஞர்களிடம் பரவியுள்ளது. 7 அல்லது 8 அங்குல ரிம்மில் ஒடுங்கிய டயரை இழுத்து ஏற்றுகிறார்கள். படம் எடுக்க அழகாக இருக்கலாம். ஆனால் சுவர் சாய்ந்து இழுபட்டு நிற்பதால் ரிம்மின் விளிம்புக்குப் பாதுகாப்பே இல்லை. ஒரு குழியில் விழுந்தால் அடி நேரே ரிம்மில் படும். காற்றுச் சற்றுக் குறைந்த நிலையில் வேகமாகத் திரும்பினால் டயரின் விளிம்பு ரிம்மிலிருந்து விலகக்கூடும். இதைப் பற்றி வேறு எதுவும் எழுதத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

ரிம் ஹப்பில் எவ்வளவு ஆழமாக உட்காருகிறது என்பதை ஓஃப்செட் என்பார்கள். ரிம்மின் உட்புறத்தில் ET என்ற இரு ஆங்கில எழுத்துகளுக்குப் பின்னால் மில்லிமீற்றரில் பொறித்திருக்கும். ஒரு கணக்குப் பார்ப்போம். 5 அங்குல அகலமும் 39 ஓஃப்செட்டும் உள்ள ரிம்மைக் கழற்றி, 7 அங்குல அகலமும் 35 ஓஃப்செட்டும் உள்ளதைப் பொருத்துகிறோம். இரண்டு அங்குல அகலக் கூடுதல் இரு பக்கமும் பாதிபாதியாக, அதாவது 25 மில்லிமீற்றர் வீதம், பகிரப்படும். ஓஃப்செட் 4 மில்லிமீற்றர் குறைந்ததால் சில்லு முழுவதும் அந்த அளவு வெளியே தள்ளப்படும். ஆகவே வெளி விளிம்பு 29 மில்லிமீற்றர் வெளியே வருகிறது. உள் விளிம்பு 21 மில்லிமீற்றர் உள்ளே போகிறது. வெளியே வந்த பக்கம் மட்காட்டைத் தொடும். உள்ளே போன பக்கம் சொக் அப்சோபரை நெருங்கும். சில்லின் நடுக்கோடு வெளியே தள்ளப்படத் தள்ளப்பட ஹப் பெயாரிங் மீதான நெம்புவிசை கூடுகிறது. பிரேக் அடிக்கும்போது ஒரு பக்கச் சில்லு நீரிலோ மணலிலோ இருந்தால் ஸ்டியரிங் கையிலிருந்து பிடுங்கப்படுவதுபோல் இழுக்கும். கடைக்காரரிடம் அகலத்தைக் கேட்பவர்கள் இந்த எண்ணையும் கேட்க வேண்டும்.

இன்னும் இரண்டு சிறிய விடயங்கள் உண்டு. இவை சிறியவை என்பதாலேயே ஆபத்தானவை. கொழும்பிலிருந்து வரும் பாவித்த யப்பான் ரிம்களில் நான்கு நட், அவை அமையும் வட்டத்தின் விட்டம் 100 மில்லிமீற்றர் என்ற அளவு பொதுவானது. விட்ஸ், அக்குவா, அக்ஸியோ, ஹொண்டா பிட் எல்லாவற்றுக்கும் அதுதான். ஆகவே "எல்லாம் ஒன்றுதான்" என்று சொல்லி மாற்றிப் போடுகிறார்கள். ஆனால் நடுத் துளை ஒன்றல்ல. இந்த டொயோட்டாக்களின் ஹப் 54.1 மில்லிமீற்றர், ஹொண்டாவினுடையது 56.1 மில்லிமீற்றர். ஹொண்டா ரிம்மை டொயோட்டாவில் போட்டால் இரண்டு மில்லிமீற்றர் இடைவெளி விழும்; நடுவளையம் போடாவிட்டால் ரிம் மையத்தில் நிற்பதற்கு நட்டுகளை மட்டுமே நம்ப வேண்டியிருக்கும். அதன் விளைவான அதிர்வை ஓட்டுநர் 80 கிலோமீற்றர் வேகத்தில் ஸ்டியரிங்கில் உணர்வார். பேலன்ஸ் எத்தனை முறை செய்தாலும் அது போகாது. இரண்டாவது, நட்டின் முகம். ஹொண்டாவின் சொந்த ரிம்மில் நட் உட்காரும் இடம் உருண்டையாகக் குடையப்பட்டிருக்கும்; டொயோட்டாவின் இரும்பு ரிம்முக்குரிய நட் கூம்பு வடிவானது. கூம்பு நட் உருண்டைக் குழியில் ஒரு மெல்லிய வளையமாக மட்டுமே தொடும். எவ்வளவு இறுக்கினாலும் நாளடைவில் தளரும். சுசுகியின் நட்டில் புரி இடைவெளி 1.25 மில்லிமீற்றர், டொயோட்டாவிலும் ஹொண்டாவிலும் 1.5. ஒன்றின் நட்டை மற்றொன்றில் போட்டால், கைக்கு ஏறுவதுபோலத் தோன்றி, நட் ஏறும் ஸ்டட்டின் புரியை அழித்துவிடும். டொயோட்டாவின் சிறிய கார்களுக்கு இறுக்க வேண்டிய அளவு 103 நியூற்றன் மீற்றர். காற்றுத் துப்பாக்கியால் கடகடவென்று இறுக்கிவிட்டு அனுப்பும் கராஜ்களில் இந்த அளவை யார் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. புது ரிம் போட்டு ஐம்பது, நூறு கிலோமீற்றர் ஓடிய பின்னர் நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பார்ப்பது அவசியம்.

எமது மாவட்டத்துக்கு இவை எல்லாவற்றிலும் முக்கியமானது மழை. வடகீழ்ப் பருவக்காற்று ஒக்ரோபர் கடைசியில் தொடங்கினால் தை மாதம் வரை கந்தளாய் வழியான ஏ6 வீதியிலும், ஹொரவப்பொத்தானை வழியான ஏ12 வீதியிலும், மூதூர் வழியாக மட்டக்களப்புக்குப் போகும் ஏ15 வீதியிலும் பாரவண்டிகள் அழுத்திய தடங்களில் நீர் தேங்கி நிற்கும். டயர் அந்த நீரைப் பிளந்து வெளியேற்ற வேண்டும். முடியாமற்போனால் நீரின் மேல் ஏறி வழுக்கும். அந்த வேளையில் ஸ்டியரிங்கும் பிரேக்கும் பயன்படமாட்டா. 1963ஆம் ஆண்டு அமெரிக்காவின் நாசா நிறுவனத்தில் வோல்டர் ஹோர்ன் என்பவரும் அவருடைய சகாவும் வெளியிட்ட ஆய்வில், டயர் நீரில் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு விகிதசமமானது என்று காட்டப்பட்டது. விமான டயர்களை வைத்துக் கண்ட சூத்திரம் அது. காருக்கு ஒரு மதிப்பீடாக மட்டுமே கொள்ள வேண்டும். அதன்படி 32 பிஎஸ்ஐ உள்ள டயர் மணிக்கு 94 கிலோமீற்றரில் மிதக்கத் தொடங்கும். காற்று 24 பிஎஸ்ஐ ஆகக் குறைந்திருந்தால் 82 கிலோமீற்றரிலேயே மிதக்கும். நகரத்துக்கு வெளியே கார்களுக்கான வேக எல்லை 70 என்பது எல்லோருக்கும் தெரியும்; ஹபரணைக்கு அப்பால் அதை மதிப்பவர் எத்தனை பேர் என்பதும் தெரியும்.

இந்தச் சூத்திரத்தில் அகலம் இல்லை. ஆனால் தொடுபரப்பு அகன்று கட்டையாகும்போது, நடுவில் சிக்கும் நீர் பக்கவாட்டுக்கு வந்து சேர வேண்டிய தூரம் கூடுகிறது. நீரை ஒதுக்கி நிலத்தைத் தொடுவதற்கு டயருக்குக் கிடைக்கும் நீளமோ குறைகிறது. அகலமான டயர் சீக்கிரம் மிதப்பதற்கு இதுவே காரணம். பட்டையின் பள்ளம் தேய்ந்திருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். பள்ளங்களுக்குள் குறுக்கே தெரியும் சிறிய மேடுகள் 1.6 மில்லிமீற்றர் உயரமானவை. பட்டை தேய்ந்து அவற்றின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்துவிட்டது. மழைக்காலத்துக்கு அந்த அளவும் போதாது. 3 மில்லிமீற்றராவது இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். பாதி தேய்ந்த 205 டயரைக் குறைந்த விலைக்கு வாங்கிப் போடுபவர், புதிய 175 டயரில் ஓடியிருந்தால் மார்கழி மழையில் மிகப் பாதுகாப்பாக ஓடியிருப்பார்.

பாரச் சுட்டெண்ணைப் பற்றிப் பின்னர் எழுதுவதாகச் சொன்னேன். 195/45ஆர்16 டயரின் சாதாரண வகை 80 என்ற சுட்டெண்ணுடன் வரும். அது 450 கிலோகிராம். அக்குவாவுக்கு நிறுவனம் கொடுத்ததோ 500. அகலம் கூடியிருக்கிறது, ஆனால் சுவர் கட்டையாகி உள்ளே காற்றுக்கான இடம் குறைந்ததால் தாங்கும் பாரம் ஐம்பது கிலோகிராம் குறைந்துவிட்டது. அகன்றது பலமானது என்ற எண்ணம் இங்கே தலைகீழாகிறது. குடும்பத்தோடும் பொதிகளோடும் கோணேசர் கோயிலுக்கு வந்து போகும் கார்களுக்கும், நிலாவெளிக்கு உல்லாசப் பயணிகளை ஏற்றி இறக்கும் வாடகைக் கார்களுக்கும் இது அற்ப விடயமல்ல. அதே அளவில் பலப்படுத்தப்பட்ட வகை 84 சுட்டெண்ணுடன் கிடைக்கும். ஆனால் அந்தப் பாரத்தைத் தாங்க அதற்குக் கூடுதல் காற்று வேண்டும். ஆகவே டயரை மாற்றினால் காற்றின் அளவையும் புதிதாகத் தீர்மானிக்க வேண்டும். சாரதியின் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் யப்பானிய வில்லையில் 220, 230 என்றிருப்பது கிலோபஸ்கால் கணக்கு. முறையே 32, 33 பிஎஸ்ஐ என்று கொள்ளலாம். அந்த வில்லை, அதில் குறித்துள்ள டயர் அளவுக்கு மட்டுமே பொருந்தும்.

எரிபொருளைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. 2022ஆம் ஆண்டு கியூஆர் அட்டையுடன் வரிசையில் நின்றவர்களுக்கு ஒரு லீற்றரின் பெறுமதி தெரியும். ஹைபிரிட் காரைப் பெற்றோல் மிச்சத்துக்காக வாங்கிவிட்டு, எடை கூடிய 17 அங்குலச் சில்லையும் அகன்ற டயரையும் போட்டு அந்த மிச்சத்தைத் திருப்பிக் கொடுப்பது எனக்கு விளங்காத பொருளாதாரம். சில்லில் கூடும் எடையை ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் முன்னே தள்ளவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும். குழிகளில் அதை அடக்க சொக் அப்சோபரும் கூடுதலாக உழைக்க வேண்டும். கட்டைச் சுவர் டயர் குழியில் விழுந்தால் சுவரில் முட்டைபோல் ஒரு புடைப்பு எழும். அது கண்ட டயரைத் திருத்த இயலாது. கடற்கரையோரம் வாழும் எமக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: உப்புக் காற்றில் அலோய் ரிம்மின் பூச்சு உரிந்த இடத்தில் வெள்ளை நிறமாகத் தூள் பூக்கும், டயரின் விளிம்பு உட்காரும் இடத்தில் அது பூத்தால் காற்று மெதுவாக இறங்கிக்கொண்டே இருக்கும். ஆணி குத்தியதாக எண்ணித் தேடி அலைபவர்கள் பலர்.

கடற்கரை என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகிறது. மணலில் புதையாமல் ஓட அகன்ற டயர் வேண்டும் என்று நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்தில் சொல்வதுண்டு. மணலில் உதவுவது காற்றைக் குறைப்பதுதான். காற்று இறங்கும்போது தொடுபரப்பு முக்கியமாக நீளவாக்கில் கூடுகிறது. டயர் மணலை அழுத்தும் விசை பரவுகிறது. மீண்டும் தார் வீதிக்கு ஏறுமுன் காற்றை நிரப்பிக்கொள்ள மறந்தால், மேலே சொன்ன எல்லாத் தீமைகளும் ஒன்றாக வந்து சேரும்.

இவ்வளவும் எழுதியபின், அப்படியானால் எதைப் போடலாம் என்ற கேள்விக்கு விடை சொல்லாமல் விடுவது முறையல்ல. 5 அங்குல அகலமான 15 அங்குல ரிம் உள்ள அக்குவாவுக்கு 175/65 டயரே போதும். வளைவில் சற்று இறுக்கமான உணர்வு வேண்டுபவர் 185/60ஆர்15 போடலாம். விட்டம் ஒரு சதவீதத்துக்குள் குறையும், 84 என்ற பாரச் சுட்டெண்ணிலேயே கிடைக்கும், ரிம்முக்கும் வரையறைக்குள் பொருந்தும். 195க்குப் போக விரும்பினால் ரிம்மும் 6 அங்குலமாக மாற வேண்டும். டயர் 195/50ஆர்16 ஆக இருக்க வேண்டும். திருப்பத்தில் உரசுகிறதா என்று இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, பின்னால் ஆட்களை ஏற்றியும் பார்க்க வேண்டும். 195/65ஆர்15 உள்ள பிரியஸ் காரின் 6 அங்குல ரிம்மில் 205/60ஆர்15 பொருந்தும், 91 என்ற சுட்டெண்ணும் மாறாது. பிரியஸுக்கு நிறுவனமே 17 அங்குலத்தில் 215/45 டயரைக் கொடுத்தது. ஆனால் 7 அங்குல அகல ரிம்முடன். இவற்றுக்கு மேல் போவதற்கு எமது வீதிகளில் காரணம் எதுவும் இருப்பதாக நான் கருதவில்லை. செலவிட மேலும் பணம் இருப்பவர் அதை அகலத்தில் போடாமல் டயரின் தரத்தில் போடட்டும்: ஈர வீதியில் நன்கு பிடிக்கும் ரப்பர், ஆழமான பள்ளங்கள், புதிய தயாரிப்புத் திகதி. டயரின் சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்களில் முதல் இரண்டும் வாரத்தையும் அடுத்த இரண்டும் ஆண்டையும் காட்டும். 1423 என்றிருந்தால் 2023ஆம் ஆண்டின் பதினான்காம் வாரம். யப்பானிலிருந்து காருடன் வந்த டயர் பட்டை தேயாமல் இருந்தாலும் இந்த எண்ணைப் பார்த்தே அதை வைத்திருப்பதா கழற்றுவதா என்று முடிவெடுக்க வேண்டும்.

திருகோணமலை டயர்க் கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோளை உங்கள் பத்திரிகை வாயிலாக விடுக்கிறேன். விற்பனைச் சிட்டையில் டயரின் அளவை மட்டும் எழுதாமல், பாரச் சுட்டெண்ணையும் தயாரிப்பு வார ஆண்டையும், ரிம் விற்றால் அதன் அகலத்தையும் ஓஃப்செட்டையும் நடுத் துளையின் அளவையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். ஒரு வரி எழுத்துத்தான். கார் உரிமையாளர் அதை எந்தக் கராஜில் காட்டினாலும், பொருத்தம் சரியா பிழையா என்று ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மோட்டார் வாகனத் தொழினுட்ப ஆசிரியர்,
உவர்மலை,
திருகோணமலை.